சர்வரும் கடுவன் பூனையும்

சர்வர் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது எது? வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1964-ல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் டம்ளர்களை அடுக்கி ஏந்தி வரும் நாகேஷை நினைவுகூர்வார்கள். நீங்களோ கணிப்பொறியை நினைப்பீர்கள். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் "சர்வர் படுத்துவிட்டது" என்று அண்ணனோ அக்காளோ அலுத்துக்கொண்டதை நினைப்பீர்கள். சொல் ஒன்றுதான். வியப்பு என்னவென்றால், இரண்டு சர்வர்களும் செய்கிற வேலையும் ஏறத்தாழ ஒன்றுதான். வந்தவர் கேட்டதை உள்ளே போய் எடுத்து வந்து கொடுப்பதே அந்த வேலை.

அப்படிப்பட்ட ஒரு சர்வரைப் பழைய கணிப்பொறி ஒன்றில் நாமே நிறுவி, ஜாவா மொழியில் எழுதிய ஒரு புரோகிராமை அதில் ஓடவிடுவது எப்படி என்பதை இங்கே காண்போம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இதை நான் செய்து பார்த்தேன். நிறுவுவதற்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அதில் நான் விட்ட ஒரு பிழை வெளிப்படுவதற்கோ ஒரு மாணவி கண்கலங்க வேண்டியிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கேட்பதும் கொடுப்பதும்

முதலில், பிரவுசரும் சர்வரும் என்ன மொழியில் பேசிக்கொள்கின்றன? ஏதோ மர்மமான மின்குறிகள் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் ஒரு முகவரியைத் தட்டியதும் உங்கள் பிரவுசர் எளிய ஆங்கில எழுத்துகளாலான சில வரிகளை அனுப்புகிறது. முதல் வரியின் முதல் சொல் பெரும்பாலும் 'கெட்' என்பதாக இருக்கும். 'எடுத்துக் கொடு' என்று பொருள். அதை அடுத்து எந்தப் பக்கம் வேண்டும் என்ற விவரம். அவ்வளவுதான் கேள்வி.

சர்வரின் விடையிலும் முதல் வரியில் ஒரு மூன்றிலக்க எண் வரும். 200 என்றால் 'இதோ, கேட்டது வந்துவிட்டது' என்று பொருள். 404 என்றால் 'அப்படி ஒரு பலகாரம் இங்கே கிடையாது'. 500 என்றால் பலகாரம் உண்டு, ஆனால் அடுப்படியில் ஏதோ கொட்டிவிட்டது! சில விவர வரிகளும் ஒரு வெற்று வரியும் வந்தபின், கேட்ட பக்கம் வருகிறது. இந்த உரையாடலுக்கான விதிகளின் தொகுப்பே எச்.டி.டி.பி. எனப்படுவது. முகவரியின் தொடக்கத்தில் நீங்கள் நாள்தோறும் காண்பது இதைத்தான். இன்று பெரும்பாலான தளங்கள் இந்த உரையாடலைப் பிறர் ஒட்டுக்கேட்க முடியாதபடி மறைகுறியாக்கி அனுப்புகின்றன. உள்ளே நடக்கும் பேச்சு இதே வகையானதுதான்.

இம்முறையை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள 'செர்ன்' என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். ஆய்வாளர்கள் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்று 1989-ல் திட்டம் தீட்டி, 1990-ல் உலகின் முதல் வலைச் சர்வரை இயக்கினார். அவருடைய மேசைமேல் இருந்த 'நெக்ஸ்ட்' கணிப்பொறிதான் அது. யாராவது தெரியாமல் அணைத்துவிடப் போகிறார்களே என்று, 'இந்த இயந்திரம் ஒரு சர்வர், இதை அணைக்காதீர்கள்' என்னும் பொருள்பட ஒரு தாளில் சிவப்பு மையால் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். எங்கள் ஆய்வுக்கூடத்துச் சர்வரையும் ஒருவர் பற்றவைப்புக் கோல் செருகுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கி நிறுத்தியது உண்டு. அதன்பின் நானும் ஒரு தாள் ஒட்டினேன்.

ஆளுக்கொரு சர்வர்

தொடக்ககாலச் சர்வர்கள் முன்பே எழுதி வைக்கப்பட்ட பக்கங்களை எடுத்துக் கொடுத்தன. கண்ணாடி அலமாரியில் அடுக்கியுள்ள மிக்சரையும் முறுக்கையும் எடுத்துத் தருவது போன்றது இது. ஆனால் "என் பதிவெண் இது, என் மதிப்பெண் என்ன?" என்று ஒருவர் கேட்டால்? அந்த விடையை அப்போதுதான் தயாரிக்க வேண்டும். தோசையைக் கேட்டபிறகுதானே ஊற்றுகிறோம்!

1993-ல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்திலுள்ள என்.சி.எஸ்.ஏ. என்னும் கணிப்பொறி மையத்தில் இதற்கொரு வழி வகுத்தார்கள். 'சி.ஜி.ஐ.' என்பது அதன் பெயர். ஒரு கேள்வி வந்ததும் சர்வர் தனியாக ஒரு புரோகிராமைத் தொடங்கும். அது விடையைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு மறைந்துவிடும். அடுத்த கேள்விக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓட்டலுக்கு ஒருவர் வரும்போதெல்லாம் வேலைக்கு ஓர் ஆளை அமர்த்தி, அவருக்குச் சீருடை தைத்து, ஒரே ஒரு தோசை பரிமாறச் செய்து, உடனே கணக்கு முடித்து அனுப்புவதை எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் வந்தால் சமாளிக்கலாம். ஆயிரம் பேர் வந்தால் சீருடை தைப்பதிலேயே பொழுது போய்விடும். கணிப்பொறியில் அந்தச் சீருடை என்பது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒதுக்க வேண்டிய நினைவகமும் அதற்காகும் நேரமும் ஆகும்.

நிரந்தரப் பணியாளர்களை வைத்துக்கொண்டால் என்ன? இந்த எண்ணத்தின் விளைவுதான் 1997-ல் வந்த 'சர்வ்லெட்'. அதைப் புரிந்துகொள்ள ஜாவாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஜாவா மொழி சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் தலைமையில் உருவாகி 1995-ல் வெளியிடப்பட்டது. அந்நிறுவனத்தை 2010-ல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. பொதுவாக ஒரு புரோகிராமை ஒருவகைக் கணிப்பொறிக்கென மொழிபெயர்த்தால் அது வேறு வகையில் ஓடாது. ஜாவாவோ எந்தக் கணிப்பொறிக்கும் சொந்தமில்லாத 'பைட்கோடு' என்ற இடைநிலை மொழிக்கு மாற்றப்படுகிறது. ஒவ்வொரு கணிப்பொறியிலும் இருக்கும் ஜாவா மெய்நிகர் இயந்திரம் என்ற புரோகிராம் அதைப் படித்து அங்கேயே இயக்குகிறது. இவ்வாறு மாற்றப்பட்ட ஒவ்வொரு கோப்பும் நான்கு குறிப்பிட்ட பைட்டுகளோடு தொடங்கும். அவற்றைப் பதினாறடிமான எண்களாக எழுதினால் 'கஃபே பேப்' என்ற ஆங்கிலச் சொற்கள் போலப் படிக்கலாம்! ஜாவா என்பதே ஒரு காப்பியின் பெயர். காப்பிக் கடை வேடிக்கை கோப்புக்குள்ளும் புகுந்துவிட்டது.

சர்வ்லெட் என்பது ஜாவாவில் எழுதிய ஒரு சிறு பகுதி. அது நினைவகத்தில் ஒரே ஒருமுறை ஏற்றப்படும். பிறகு வரும் கேள்விகளுக்கெல்லாம் அந்த ஒரே பிரதிதான் விடை தயாரிக்கும். பல கேள்விகள் ஒரே சமயத்தில் வந்தால் என்ன செய்வது? கணிப்பொறி தன் வேலையைப் பல 'இழை'களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இழை. விடை கொடுத்து முடித்த இழை ஓய்வறைக்குத் திரும்பி, அடுத்த கேள்விக்குக் காத்திருக்கும். ஓட்டலின் மொழியில் சொன்னால் இழைகள்தாம் சர்வர்கள். சர்வ்லெட் என்பது அவர்கள் எல்லோரும் வந்துபோகும் ஒரே அடுப்படி.

'ஒரே அடுப்படி' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

கடுவன் பூனை வந்த கதை

சர்வ்லெட்டுகளைத் தாங்கி நிறுத்தவும், இழைகளை மேய்க்கவும், வாசலில் நின்று கேள்விகளை வாங்கவும் ஒரு புரோகிராம் தேவை. அத்தகைய ஒன்றைச் சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் என்பவர் எழுதினார். 1999-ல் அது அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம். அதன் பெயர் டாம்கேட், அதாவது கடுவன் பூனை.

ஏன் பூனை? அந்நாளில் ஓ'ரெய்லி பதிப்பகத்தார் கணிப்பொறி நூல்களின் அட்டையில் விலங்குப் படங்களை அச்சிட்டு வந்தனர். தம் படைப்பைப் பற்றியும் ஒருநாள் நூல் வரும், அட்டையில் போட ஒரு விலங்கு இருக்கட்டும் என்று எண்ணினாராம் டேவிட்சன். யாருடைய கவனிப்பும் இல்லாமல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பிராணி என்பதால் கடுவன் பூனையைத் தேர்ந்தெடுத்தார். நூலும் வந்தது. ஆனால் பூனைப் படம் ஏற்கெனவே வேறொரு நூலுக்குப் போய்விட்டதால் அட்டையில் பனிச்சிறுத்தையைப் போட்டார்கள்!

நிறுவுவோம் வாருங்கள்

வேலைக்குக் கிளம்புமுன் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும். டாம்கேட்டின் 9-ஆம் பதிப்புக்கு ஜாவா 8 அல்லது அதற்குப் பிந்தியது போதும். 10.1 பதிப்புக்கு ஜாவா 11 வேண்டும். 11-ஆம் பதிப்புக்கு ஜாவா 17 வேண்டும். இதைக் கவனியாமல் இறங்கினால் ஒன்றும் ஓடாது. எங்கள் கணிப்பொறி பழையது, 9 போதும் என்று தீர்மானித்தேன்.

ஜாவாவை நிறுவியபின், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை 'ஜாவா ஹோம்' என்ற பெயரில் இயங்குதளத்துக்குச் சொல்லி வைக்க வேண்டும். டாம்கேட் கிளம்பும்போது முதலில் தேடுவது இந்தப் பெயரைத்தான். காணவில்லையென்றால் முறைப்பாடு செய்துவிட்டு நின்றுவிடும். புதியவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் முதல் கல் இதுவே. டாம்கேட்டை நிறுவுவதோ மிக எளிது. சுருக்கப்பட்ட கோப்பாகக் கிடைப்பதை விரித்தால் போதும். உள்ளே 'பின்' என்றொரு ஃபோல்டர். அதிலுள்ள 'ஸ்டார்ட்அப்' என்ற கோப்பை இயக்கினால் பூனை விழித்துக்கொள்ளும்.

இனி அதே கணிப்பொறியின் பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்', முக்காற்புள்ளி, 8080 என்று தட்டுங்கள். பூனைப் படத்துடன் ஒரு வரவேற்புப் பக்கம் வரும். அதைக் கண்ட மாலை நான் ஆய்வுக்கூட உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பூனைதானே சார்?" என்றார் அவர்.

8080 என்பது என்ன? ஒரு கணிப்பொறியை ஒரு கட்டடம் என்று கொண்டால், அதில் எண்ணிட்ட கதவுகள் பல உண்டு. போர்ட் என்று இவற்றுக்குப் பெயர். எண்கள் 65,535 வரை போகும். வலைச் சர்வருக்கென உள்ள வழக்கமான கதவு 80. ஆனால் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் 1024-க்குக் கீழ்ப்பட்ட கதவுகளைத் திறக்க வழக்கமாகத் தனி அதிகாரம் வேண்டும். ஆகவே டாம்கேட் அடக்கமாக 8080-ல் நிற்கிறது. வேறொரு புரோகிராம் ஏற்கெனவே அக்கதவில் நின்றுகொண்டிருந்தால் டாம்கேட்டால் அங்கே நிற்க முடியாது. அப்போது 'கான்ஃப்' ஃபோல்டரிலுள்ள 'சர்வர்' என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து எண்ணை மாற்றிவிடலாம்.

என் கணிப்பொறியில் தெரிந்த பூனை, அடுத்த அறையிலிருந்து பார்த்தபோது தெரியவில்லை. காரணம் தேட ஒரு மணி நேரம் ஆயிற்று. இயங்குதளத்தின் தீச்சுவர், வெளியார் யாரும் 8080 கதவைத் தட்டக்கூடாது என்று தடுத்திருந்தது. அதைத் திறந்துவிட்டேன். மறுநாள் காலை மீண்டும் தெரியவில்லை! இரவில் அணைத்துப் போட்டதில் கணிப்பொறிக்கு வலையமைப்பு வேறொரு முகவரியைத் தந்துவிட்டிருந்தது. முகவரியை நிலையானதாக மாற்றிய பிறகே தொல்லை ஓய்ந்தது.

நாம் எழுதும் புரோகிராம் போய் உட்காரும் இடம் 'வெப்ஆப்ஸ்' என்ற ஃபோல்டர். அதற்குள் நம் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் 'வெப்-இன்ஃப்' என்று இன்னொன்று, அதற்குள் 'கிளாசஸ்'. பைட்கோடாக மாற்றிய சர்வ்லெட் இங்கேதான் இருக்க வேண்டும். வெப்-இன்ஃப் ஃபோல்டருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பிரவுசரிலிருந்து நேராகக் கேட்டால் அதற்குள் இருக்கும் எதையும் டாம்கேட் தராது. அடுப்படிக்குள் வாடிக்கையாளருக்கு அனுமதி இல்லை!

பழைய பாடநூலைப் பார்த்துச் சர்வ்லெட் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்நூல்களில் சர்வ்லெட்டுக்கான பெயர்கள் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும். 2017-ல் ஆரக்கிள் இப்பொறுப்பை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முன்வந்தது. ஆனால் ஜாவா என்ற வணிகப்பெயரைப் புதிய மாற்றங்களில் பயன்படுத்த இசைவு கிடைக்காததால், எல்லாப் பெயர்களும் 'ஜகார்த்தா' என்று தொடங்குமாறு மாற்றப்பட்டன. டாம்கேட் 10 முதல் புதிய பெயர்தான். 9-ல் நன்றாக ஓடிய புரோகிராமை அப்படியே 10-ல் வைத்தால் ஓடாததற்கு இதுவே காரணம். அறிவியல் காரணம் ஏதுமில்லை, வெறும் பெயர்ச் சண்டைதான். ஆனால் மாணவர்கள் நாள்கணக்கில் இதில் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அவள் கண்ட 14

எங்கள் துறையின் அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் ஒரே நீண்ட கோப்பில் வரிவரியாக இருந்தன. ஒவ்வொரு வரியிலும் ஒரு பதிவெண், ஒரு மதிப்பெண். பதிவெண்ணைத் தட்டினால் மதிப்பெண்ணைக் காட்டும் ஒரு சர்வ்லெட் எழுதினேன். அது செய்வது மூன்றே காரியங்கள். வந்த பதிவெண்ணை ஒரு மாறியில் குறித்துக்கொள்ளும். அந்த எண்ணைப் பக்கத்தின் தலைப்பாக எழுதும். பிறகு கோப்பை முதலிலிருந்து படித்து, மாறியிலுள்ள எண்ணோடு பொருந்தும் வரி வந்ததும் அதன் மதிப்பெண்ணைத் தலைப்பின்கீழ் எழுதும். நானே இருபது முப்பது எண்களைத் தட்டிச் சோதித்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

பதிவெண் மட்டும் தெரிந்தால் எவர் மதிப்பெண்ணையும் எவரும் பார்த்துவிடலாம் என்பது அதிலிருந்த வேறொரு குறை. அதற்குப் பின்னால் கடவுச்சொல் வைத்தேன். இப்போது சொல்ல வந்தது அதுவன்று.

ஒருநாள் கணிப்பொறிக் கூடத்தில் அறுபது மாணவர்களை உட்கார வைத்து, "இப்போது பாருங்கள்" என்றேன். எல்லோரும் தட்டினார்கள். வகுப்பு கலைந்தபின் ஒரு மாணவி மட்டும் நின்றாள். நன்றாகப் படிக்கிறவள். "சார், எனக்கு ஐம்பதுக்கு 14 என்று வந்திருக்கிறது" என்றாள். குரல் நடுங்கியது. அவள் எண்ணை நானே தட்டினேன். 39 என்று வந்தது. மறுபடி தட்டினேன். 39. "பதற்றத்தில் வேறு எண்ணைத் தட்டியிருப்பாய் அம்மா, உனக்கு 39தான், போ" என்றேன். "தலைப்பில் என் எண்தான் சார் இருந்தது" என்றாள். நான் சிரித்துவிட்டு அனுப்பினேன். அவள் நம்பவில்லை, கண்களைத் துடைத்துக்கொண்டு போனாள்.

இயற்பியல் கற்பிக்கிறவன் செய்யத் தகாத செயல் அது. பிறர் கண்ட ஓர் அளவீட்டை, எனக்குத் திரும்ப வரவில்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளிவிட்டேன். இரவு அந்த உறுத்தலோடுதான் படுத்தேன்.

காலையில் டாம்கேட்டின் 'லாக்ஸ்' ஃபோல்டரைத் திறந்தேன். எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில், என்ன கேள்வி வந்தது, என்ன எண்ணில் விடை போனது என்று டாம்கேட் ஒரு பதிவேடு எழுதி வைக்கிறது. அவளுடைய பதிவெண் அதில் இருந்தது. அவள் சரியாகத்தான் தட்டியிருக்கிறாள். அதே நிமிடம், அதே செகண்டில், இன்னொரு பதிவெண்ணும் இருந்தது. அந்த எண்ணுக்குரிய மதிப்பெண்ணைக் கோப்பில் பார்த்தேன். 14.

என்ன நடந்தது? இனி அந்த ஒரே அடுப்படிக்குப் போவோம். அங்கே சுவரில் ஒரு பலகை மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் சர்வர், பலகையை அழித்துத் தன் மேசைக்கு வேண்டியதை எழுதுகிறார். சரக்கு மாஸ்டர் பலகையைப் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறார். கடையில் ஒரே ஒரு சர்வர் இருக்கும்வரை ஒரு குழப்பமும் இல்லை. இரண்டாமவர் வந்து, முதலாமவருடைய தோசை தயாராகும் முன்பே பலகையை அழித்து 'பொங்கல்' என்று எழுதிவிட்டால்? தோசைக்குக் காத்திருப்பவரும் பொங்கல்தான் பெறுவார்!

நான் பதிவெண்ணைக் குறித்துக்கொண்ட மாறி அந்தப் பலகையைப் போன்றது. சர்வ்லெட்டின் ஒரே பிரதிக்குச் சொந்தமாக அதை அறிவித்திருந்தேன்; ஆகவே எல்லா இழைகளுக்கும் அது பொது. அவளுடைய இழை தலைப்பை எழுதிவிட்டுக் கோப்பைப் படிக்கத் தொடங்கியது. அவளுடைய வரி வருமுன் இன்னொருவனின் இழை உள்ளே வந்து மாறியில் அவன் எண்ணை எழுதிவிட்டது. அதன்பின் அவளுடைய இழை தேடியது அவன் எண்ணைத்தான். தலைப்பில் அவள், கீழே அவன்.

நான் தனியாகச் சோதித்தபோது இது வெளிப்பட்டிருக்கவே முடியாது. ஒருவர் மட்டும் கேட்கும் இடத்தில் பலகையை அழிக்க யாருமில்லையே.

கைகர் எண்ணியின் கணக்கு

எவ்வளவு அடிக்கடி இது நேரும்? இங்கே என் பாடம் கைகொடுத்தது. கதிரியக்கத்தை அளக்கும் கைகர்-முல்லர் எண்ணிக்கு 'செயலறு நேரம்' என்று ஒன்று உண்டு. ஒரு துகள் புகுந்தபின் சுமார் 100 மைக்ரோ செகண்டுக்கு அது அடுத்த துகளைக் கவனிக்காது. துகள்கள் மெதுவாக வந்தால் இழப்பு அற்பம். விரைந்து வந்தால் இழப்பு பெருகும். என் சர்வ்லெட்டின் நிலையும் இதேதான்.

பழைய கணிப்பொறி, நீண்ட கோப்பு. ஒரு கேள்விக்கு விடை தயாராக ஏறத்தாழ 40 மில்லி செகண்டு, அதாவது 0.04 செகண்டு ஆயிற்று. அறுபது பேர் ஒரு மணி நேரத்தில் பரவலாகக் கேட்டால் நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். ஒரு கேள்வியின் 0.04 செகண்டுக்குள் இன்னொன்று நுழையும் வாய்ப்பு சுமார் 1500-ல் ஒன்று. அந்த அறுபது பேரும் பத்து செகண்டுக்குள் தட்டினால்? செகண்டுக்கு 6 கேள்விகள். 6 × 0.04 = 0.24. வருகை தற்செயலானது என்று கொண்டு நுட்பமாகக் கணக்கிட்டால், ஐந்தில் ஒரு கேள்விக்குக் குறுக்கீடு நேரும். புரோகிராமில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கூட்டம் மட்டுமே மாறியது.

குறுக்கீடு ஒவ்வொன்றும் தவறான விடையாக முடியாது. தன் வரியைக் கண்டபின் குறுக்கீடு வந்தால் பாதகமில்லை. குறுக்கே வந்த எண்ணின் வரியை ஏற்கெனவே தாண்டியிருந்தால் மதிப்பெண் இடம் காலியாக வரும். அப்படியும் சிலருக்கு வந்ததாம். அவர்கள் மறுபடி தட்டி, சரியான விடை கண்டு, என்னிடம் சொல்லாமலே போய்விட்டார்கள். தன் மதிப்பெண்ணைவிட அதிகமாகக் கண்டவர்கள் எவரேனும் இருந்திருந்தால், அவர்கள் வந்து முறையிடுவார்களா என்ன!

இரண்டு வரி கீழே

திருத்தம் கேட்டால் சிரிப்பீர்கள். அந்த மாறியின் அறிவிப்பை இரண்டு வரி கீழே இறக்கினேன், அவ்வளவுதான். சர்வ்லெட்டின் பொதுச் சொத்தாக இருந்ததைக் கேள்விக்கு விடை தரும் பகுதிக்குள் கொண்டுபோய் வைத்தேன். அவ்வாறு உள்ளே அறிவிக்கப்படும் மாறி ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியாக உருவாகும். சுவர்ப் பலகையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சர்வர் கையிலும் ஒரு சிறு தாளும் பென்சிலும் கொடுத்ததற்கு ஒப்பாகும் இது.

எல்லாவற்றையும் இப்படித் தனித்தனியாக்கிவிட முடியுமா? முடியாது. 'இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள்' என்று காட்ட வேண்டுமானால் அந்த எண் பொதுவாகத்தான் இருக்க வேண்டும். அதில் ஒரு நுட்பமான ஆபத்து உள்ளது. ஒன்றைக் கூட்டுவது ஒரே செயல் போலத் தோன்றினாலும் கணிப்பொறிக்கு அது மூன்று செயல்கள்: இருப்பதைப் படிப்பது, ஒன்றைக் கூட்டுவது, திரும்ப எழுதுவது. எண் 57 ஆக இருக்கும்போது இரண்டு இழைகள் ஒருங்கே படித்தால், இரண்டும் 58 என்றே எழுதும். வந்தவர் இருவர், கூடியது ஒன்று. இதற்கு ஜாவாவில் பூட்டு உண்டு. 'சின்க்ரனைஸ்டு' என்று குறித்த பகுதிக்குள், பூட்டை வைத்திருக்கும் ஓர் இழை மட்டுமே இருக்க முடியும். மற்றவை வெளியே நிற்கும். பூட்டுக்கும் விலை உண்டு. முழு சர்வ்லெட்டையும் பூட்டிவிட்டால் தவறே நேராது. ஆனால் ஒருவர் பின் ஒருவராகத்தான் சாப்பிட வேண்டும். டாம்கேட் வழக்கமாக 200 இழைகள் வரை வைத்துக்கொள்கிறது. 199 பேரைச் சும்மா நிற்க வைப்பதற்கா அத்தனை பேர்?

திருத்தியபின் நான் இருபது எண்களைத் தட்டிப் பார்த்து நிறைவடையவில்லை. ஒரே நேரத்தில் 200 கேள்விகளை அனுப்பி, ஒவ்வொரு விடையையும் கோப்போடு ஒப்பிடும் ஒரு சிறு புரோகிராமை எழுதினேன். பழைய சர்வ்லெட்டை வைத்து ஓட்டினேன். மாறிய விடைகள் வரிசையாக வந்தன. ஒருநாள் முழுதும் நான் 'நடந்திருக்க முடியாது' என்று சொன்னது, இப்போது கேட்டபோதெல்லாம் நடந்தது. புதியதை வைத்து ஓட்டினேன். ஒன்றும் மாறவில்லை. மீண்டும் மீண்டும் ஓட்டினேன். அப்போதும் மாறவில்லை.

உங்கள் பள்ளியிலும் ஒரு பழைய கணிப்பொறி மூலையில் கிடக்கலாம். ஆசிரியரிடம் கேட்டு, வெளி இணையத்தோடு இணைக்காமல், பள்ளிக்குள்ளேயே இதைச் செய்து பாருங்கள். மதிப்பெண் வேண்டாம், நூலகப் புத்தகப் பட்டியல், மழைமானி அளவுகள் என்று எதையாவது வையுங்கள். முதலில் என் பிழையை வேண்டுமென்றே செய்யுங்கள். கோப்பைப் படிக்குமுன் அரை செகண்டு காத்திருக்கும்படி எழுதிவிட்டால், நண்பர்கள் இருவர் சேர்ந்து தட்டினாலே பிழை கண்ணெதிரே தெரியும்.

அன்று மாலை அந்த மாணவியை அழைத்து, பதிவேட்டின் இரண்டு வரிகளையும் காட்டினேன். "நீ கண்டது சரி. நான்தான் தவறு" என்றேன். அவள் வரிகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சார், அந்த இன்னோர் எண்ணுக்கு அப்போது என்ன வந்திருக்கும்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. பலகையில் கடைசியாக எழுதியவன் அவன். அவனுக்குப்பின் அந்தக் கணத்தில் எவரும் வரவில்லை. ஆகவே அவனுக்கு அவனுடைய 14 சரியாகவே வந்திருக்கும். வேறு எதுவும் நடந்ததாக அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.